சந்தனம் துடைத்த துப்பாக்கி

இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. எழுதத் தெரியாது என்ற வெட்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தவன், பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வாராவாரம் கடிதம் போட்டவன். நான் தயங்கியது வேறு காரணத்துக்காக. இந்த விஷயத்தில் லால்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டு அம்மா ஒருவர் இருக்கிறார், கணவரை இழந்தவர். நான் வாயைத் திறந்தால் அவரைப் பற்றி நாலு பேர் பேசுவார்களே என்று மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் மூடியிருந்த காலத்தில் மற்றவர்கள் எல்லாரும் திறந்துகொண்டார்கள்.

போன நவராத்திரியில் தாயார் சந்நிதிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர், நான் யாரென்று தெரியாமல், பொழுது போக ஒரு கதை சொன்னார்.

"பட்டாளத்துக்காரன் ஒருத்தனாம். பூஜை பண்ணின துப்பாக்கியை விலை பேசிட்டு, அதுல இருந்த சந்தனத்தை அழுக்குத் துணியால வழிச்சுப் போட்டானாம். போட்டுட்டு, அந்த வீட்டம்மா கையால தனக்குச் சந்தனம் பூசிக்கிட்டானாம். இவன் என்ன உற்சவரா? அதுவும் நம்ம ஸ்ரீரங்கத்து ஆளாம். கலிகாலம்."

"அந்த ஆள் நான்தாங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. திரும்பி நின்றுகொண்டவர், தீர்த்தம் வாங்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், எழுதிவிடுவது என்று.

நான் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம், குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வாடகை வீடு. காலையில் கொள்ளிடக் குளியல், நெற்றியில் திருமண், நடை திறந்ததும் கிடைக்கும் விஸ்வரூப தரிசனத்துக்கு முடிந்த நாளெல்லாம். பென்ஷன் ஓடுகிறது. ஆனால் உட்கார்ந்து சாப்பிட உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். மணப்பாறை, வையம்பட்டி என்று எனக்குத் தெரிந்த ரோடுதான். ஒரே நிபந்தனை, லைசென்ஸ் உள்ள சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும். லைசென்ஸுக்கு அலைந்த அலைச்சலை எழுதினால் அது தனிப் புத்தகம், அதை விடுங்கள். கிடைத்தது. கம்பெனிக்காரர் சொன்னார்: "தீபாவளி முடிஞ்சதும் வண்டியில ஏறணும். அதுக்குள்ள துப்பாக்கியோட வந்து நில்லுங்க. இல்லேன்னா வேற ஆள் ரெடியா இருக்கு."

எனக்கு வேண்டியது என்ன என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது. போல்ட் இழுத்துத் தள்ளுகிற பழைய மாடல் ரைபிள். பட்டாளத்தில் அந்தக் காலத்தில் வைத்திருந்தார்களே, அதே உடம்பு. பட்டாளத்துக் குண்டு போகிற ரைபிள் நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி கிடையாது. அதனால் அதே உடம்பில் வேறு அளவுக் குண்டுக்கென்று செய்து விற்கிறார்கள். போல்டை முன்னால் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் ஏறும். உள்ளங்கைக்கு அந்தக் கனம் தெரியும். பழகிய கைக்கு அது பேசும்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, எல்லா செக்யூரிட்டியும் இரட்டைக் குழல் துப்பாக்கிதானே வச்சிருக்காங்க? உங்களுக்கு மட்டும் என்ன கிரீடம்?"

"அது சிதறுற குண்டு. ரோட்டுல நாலு பேர் நிப்பாங்க. எனக்கு ஒரே குண்டு போதும், அது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்குப் பெருமாள் கேட்டா பதில் சொல்லணும்ல?"

"ஆமா, பெருமாள் உங்ககிட்ட துப்பாக்கிக் கணக்குதான் கேக்கப் போறாரு. ரேஷன்ல பச்சரிசி போடுறாங்களாம், போயிட்டு வாங்க."

அவள் அப்படித்தான். ஆனால் மறுநாள் நான் கிளம்பியபோது துளசி கிள்ளிக் கையில் கொடுத்தாள்.

திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற பாய் எனக்குப் பழக்கம். கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னதும் சிரித்தார்.

"பட்டாளத்தாரே, இப்ப வர்ற பசங்க எல்லாம் கறுப்புக் கட்டை, மேல டெலஸ்கோப்பு, வீடியோவுல பார்த்தேன் பாய்னு வந்து நிக்கிறாங்க. நீங்க என்னடான்னா தாத்தாவைக் கேக்குறீங்க."

"தாத்தா நல்லா இருந்தா போதும் பாய்."

நல்ல தாத்தா கிடைப்பதுதான் கஷ்டம் என்பது எனக்கு அடுத்த சில வாரங்களில் புரிந்தது. புதிதாக எழுதி வைத்தால் எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. கைமாறி வருகிறவற்றில் பாதிக்கு வெளியே பளபளப்பு, உள்ளே பள்ளம். ஒன்றைப் பார்த்தேன், வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. உடம்பில் ஒரு நம்பர், போல்டில் வேறு நம்பர். மாப்பிள்ளை தலையை வேறு ஒருவன் கழுத்தில் வைத்த மாதிரி. இன்னொன்றில் குழலின் வாய் தேய்ந்து அகன்றிருந்தது, பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய வேண்டியதை யாரோ வாய்ப் பக்கமிருந்தே கம்பி விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். விற்க வந்தவர் என்னைப் பார்த்து, "சும்மா தோள்ல மாட்டிக்கிறதுக்குத்தானே சார், சுடவா போறீங்க?" என்றார். சுட மாட்டாத துப்பாக்கியை எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்டேன்.

ஒருநாள் பாய் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இதைப் பாருங்க. பிடிச்சா கஷ்டம், பிடிக்கலேன்னாலும் கஷ்டம்."

வாங்கியதும் முதலில் போல்டைத் திறந்து, அறைக்குள் விரல் விட்டுக் காலியா என்று பார்த்தேன். இது பழக்கம், கடவுளே கொடுத்தாலும் பார்ப்பேன். நம்பர்கள் ஒன்றாக இருந்தன. கீழே வெள்ளைத்தாள் வைத்து வெளிச்சம் விழச் செய்து வாய் வழியாகப் பார்த்தேன். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் புரிகள் கண்ணாடி வளையல் மாதிரி சுற்றிக்கொண்டு போயின, ஒரு கரும்புள்ளி கிடையாது. டிரிகர் முதல் அழுத்தத்தில் மெத்தென்று வந்து நின்றது, இரண்டாவதில் சொடக்கென்று விழுந்தது. கட்டை நல்ல பழைய மரம், ஒரு கீறல் இல்லை. வைத்திருந்தவர் தெரிந்து வைத்திருந்தவர்.

ஆனால் மேலே, குழலும் மரமும் சேருகிற இடத்தில் மூன்று பொட்டு. சந்தனமும் குங்குமமும். ஒரு வருஷத்துப் பொட்டு இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அப்பி, வெயிலில் காய்ந்த ஏரித் தரை மாதிரி வெடித்து, கட்டைவிரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஓரத்தில் நகத்தால் லேசாகத் தொட்டேன். பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. துரு.

"கை வைக்காதீங்க!" என்று பாய் சத்தம் போட்டார். "அதைத் துடைக்கக் கூடாதுன்னு அந்தம்மா உத்தரவு. எண்ணெய்த் துணியைக்கூட நான் அந்தப் பக்கம் கொண்டுபோறதில்லை."

விஷயம் இதுதான். லால்குடியில் நிலபுலன் உள்ள ஒரு பெரியவருடைய ரைபிள் அது. பெரியவர் இறந்ததும் சட்டப்படி பாயிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவருடைய மனைவி காரில் கடைக்கு வந்து, பெரியவர் வைத்த பொட்டின் மேலேயே சந்தனம் வைத்துவிட்டுப் போவார். குங்குமம் பெரியவருடைய தம்பி வைப்பார். துடைப்பது கிடையாது.

எல்லாம் பக்தியில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஈரச் சந்தனம் இரும்பில் உட்கார்ந்தால் இரும்பு சும்மா இருக்காது. பட்டாளத்திலும் எங்களுக்கு ஆயுத பூஜை உண்டு. மாலை போடுவோம், பொட்டு வைப்போம், கற்பூரம் காட்டுவோம், சர்க்கரைப் பொங்கல் தின்போம். சாயங்காலமே எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்ட பிறகுதான் உள்ளே வைப்போம். எனக்கு இருந்த பயம் மேலே தெரிந்த துருவைப் பற்றி அல்ல. சந்தன நீர் மரத்துக்கு அடியில் இறங்கியிருந்தால் குழல் உள்ளுக்குள் என்ன கதியில் இருக்கிறதோ. மரத்தைக் கழற்றாமல் தெரியாது. கழற்ற வேண்டுமென்றால் பொட்டைக் கலைக்க வேண்டும்.

"நான் நேரா போய்க் கேக்குறேன் பாய்."

"போங்க. மோர் கொடுப்பாங்க. மத்தது உங்க அதிர்ஷ்டம்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி லால்குடிக்குப் போனேன். மோர் கொடுத்தார்கள். அந்த அம்மா அறுபது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. பக்கத்து நாற்காலியில் பெரியவருடைய தம்பி. ஊரில் அவரைச் சின்னவர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சின்னவர்தான் ஆரம்பித்தார்.

"நெத்தியில நாமம், தோள்ல துப்பாக்கி. பொருத்தமாவே இல்லையே?"

"எங்க பெருமாள் கையில அஞ்சு ஆயுதம் இருக்குங்க. எனக்கு ஒண்ணுதான்" என்றேன்.

அம்மா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பாய் சொன்னதே போதும் என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்னைக்கு அதே இடத்துல சந்தனம் குங்குமம் வைக்கணும். வச்சதை அழிக்கக் கூடாது. அடியில இருக்கிறது அவர் கையால வச்சது. உங்க ரங்கநாதர் மேல சத்தியம் பண்ணுங்க, இன்னைக்கே எழுதிக் கொடுத்துடுறேன்."

ஒரு 'சரிங்கம்மா'வில் முடிந்திருக்கும். அந்த ரைபிள், அந்த வேலை, எல்லாம். அவர் என் வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறாரா?

"அம்மா, மன்னிக்கணும். சந்தனத்துக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்கு அடியில துரு ஏறிக்கிட்டிருக்கு. நீங்க அனுமதி கொடுத்தா துடைச்சு எண்ணெய் போட்டு வச்சுக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பூஜை, பூ, கற்பூரம் எல்லாம் பண்றேன். பொட்டு மட்டும் இரும்புல வேண்டாம்."

"துருவா? சந்தனத்துலயா?" சின்னவர் எழுந்தேவிட்டார். "அண்ணி, விலையைக் குறைக்கிறதுக்கு ஆள் என்ன போடு போடுறான் பாருங்க."

எனக்கும் சூடு ஏறிவிட்டது. "எங்க மூலவர் பெரிய பெருமாளுக்கே தண்ணி ஊத்துற திருமஞ்சனம் கிடையாதுங்க. சுதைத் திருமேனி. தண்ணி ஆகாதுன்னு தைலக்காப்புதான் சாத்துறாங்க. அவருக்கு அவமரியாதையா அது? எந்தத் திருமேனிக்கு எது ஆகுமோ அதைச் செய்றதுதானே பூஜை? இரும்புக்கு எண்ணெய்தாங்க காப்பு."

நல்ல வாதம் என்று நினைத்தேன். அந்த அம்மா அசையவில்லை.

"நாங்க சிவன் கோயில் ஆளுங்க. எங்க சாமிக்கு அபிஷேகம்தான். நீங்க கிளம்புங்க."

கிளம்பினேன். மோர் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொட்டுக்காகவா வந்த வேலையை விட்டுட்டு வந்தீங்க?"

"பொட்டுக்காக இல்ல. பொய் சத்தியத்துக்காக."

"மனசுக்குள்ள பெருமாளே மன்னிச்சுடுன்னு சொல்லிட்டு..."

"தினம் அவர் முன்னாடி போய் நிக்கிறவன் நான். அவர் பேரைச் சொல்லிப் பொய் பேசி வாங்கின ஒண்ணைத் தோள்ல மாட்டிக்கிட்டு ராஜகோபுரத்தைத் தாண்ட முடியாது. வேணும்னா மூட்டை தூக்குறேன்."

கீரைக்காம்பைத் தட்டில் போட்டுவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூட்டை தூக்க இடுப்பு வேணும், அது எங்க இருக்கு உங்களுக்கு" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாயும் முதலில் அப்படித்தான் சொன்னார். "சரின்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க, யார் வந்து பார்க்கப் போறா?" சொன்ன வாயோடு தலையில் தட்டிக்கொண்டார். "அல்லாஹ், என்னை என்ன பேச வைக்கிறீங்க! சத்தியம்னா சும்மாவா. நான் சொன்னதை விட்டுடுங்க."

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றை எடுத்துக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். இரட்டைக் குழல் ஒன்று தயாராகக் கடையில் இருந்தது. எனக்குள் ஒரு பிடிவாதம். துருப்பிடித்ததை வாங்காமல் போவது வேறு, துரு ஏறுகிறது என்று தெரிந்தும் பேசாமல் போவது வேறு. அந்த ரைபிள் எனக்குக் கிடைக்காமல் போகட்டும். ஆனால் யாராவது ஒருவர் அந்த அம்மாவுக்கு அதைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் அவர் வைக்கிற ஒவ்வொரு பொட்டும் அவர் கணவருடைய பொருளைத் தின்னும்.

ஆயுத பூஜையன்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. கண்ணாடிக்கு மாலை, ஸ்டியரிங்குக்கு மாலை, டிரைவர் நெற்றியில் ரூபாய் அளவுக்குப் பொட்டு. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் பாய் கடையில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு வம்பு வேண்டாம் பட்டாளத்தாரே."

"வம்பு பண்ண வரல பாய். பார்க்க வந்தேன்."

கார் வந்தது. அம்மா கையில் வெள்ளிக் கிண்ணத்தில் அரைத்த சந்தனம், சின்னவர் கையில் குங்குமத் தட்டு. என்னைப் பார்த்ததும் சின்னவர், "இங்கயும் வந்துட்டானா!" என்றார். பாய் ரைபிளை எடுத்து மேஜையில் விரித்த வெள்ளைத் துணியில் வைத்து, காலி என்று போல்டைத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அம்மா விரலைச் சந்தனத்தில் தொட்டார். நான் எழுந்தேன்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. அப்புறம் நான் போயிடுறேன். உங்க கோயில்ல காலையில நடை திறந்ததும், முதல் நாள் சாத்தின சந்தனம், பூ மேலயே புதுசு சாத்துவாங்களா?"

அவர் விரல் அப்படியே நின்றது.

"அது எப்படி? நிர்மால்யம் களைஞ்சுதான் சாத்துவாங்க."

"சாமிக்கே களையணும்னா, இதுக்கு ஏம்மா களையல?"

"அண்ணி, இவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு..." என்று சின்னவர் ஆரம்பித்தார். அம்மா கையைத் தூக்கினார். சின்னவர் நின்றுவிட்டார். அம்மா அந்த மூன்று பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் இருப்பது யார் கை என்று எனக்கும் தெரியும். நான் கேட்டது சின்ன விஷயம் இல்லை. கேட்டதற்காக இன்றைக்கும் நான் தலை குனியவில்லை.

"களைங்க" என்றார்.

வேஷ்டி மடிப்பில் நான் கொண்டுவந்திருந்தது என் மனைவி துவைத்து மடித்துக் கொடுத்த வெள்ளைத் துணி. அழுக்குத் துணி என்று வரிசையில் ஒருவர் சொன்னாரே, அவருக்காக இதை எழுதுகிறேன். எண்ணெயில் நனைத்து, பொட்டின் மேல் போட்டு ஊற விட்டேன். சுரண்டவில்லை. தானாக இளகியதும் ஒரு வாழை இலைத் துண்டில் வழித்து எடுத்தேன். கீழே எறியவில்லை. அதை அந்த அம்மாவே வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

இரும்பில் மூன்று குழி. பழுப்பு, ஓரத்தில் கறுப்பு. பாய் திருகாணியைக் கழற்றி மேல் மரத்தை எடுத்தார். அடியில் குழல் மேல் சந்தனத் தண்ணீர் இறங்கிய கோடு, கோடு முழுக்கத் துரு, கை ரேகை மாதிரி கிளை விட்டுப் போயிருந்தது.

அம்மா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி பழுப்பாகிவிட்டது.

"இது நாங்க பண்ணினதா?"

பாய் என்னைப் பார்த்தார், இல்லை என்று சொல்லித் தொலை என்பது போல.

"ஆமாங்க" என்றேன்.

"கெட்டுப் போச்சா?"

"இல்லைங்க. உள்ளே சுத்தமா இருக்கு. மேல் தோல்லதான் தின்னிருக்கு, ஆழம் இல்ல. இப்ப நிறுத்திடலாம். இன்னும் அஞ்சாறு வருஷம் போயிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அந்தக் குழி?"

"மெருகு போட்டு எடுத்துடலாம்" என்றார் பாய்.

"வேண்டாம் பாய், எடுக்க வேண்டாம்" என்றேன். "எண்ணெய் போட்டா துரு மேற்கொண்டு ஏறாது. அம்மா, ஐயா விரல் வச்ச இடம் அழியலைங்க. இரும்புலயே இறங்கி உட்கார்ந்திருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது, குரல் மட்டும் லால்குடியில் கேட்ட அதே குரல்.

"சத்தியம் பண்ண மாட்டேன்னீங்களே. வேற எதுக்காவது பண்ணுவீங்களா?"

"இதுல இனிமே துரு ஏறாதுன்னு ரங்கநாதர் மேல சத்தியம். வருஷா வருஷம் இதே நாள்ல உங்களுக்குக் காட்டுறேன்னு சத்தியம்."

"பாய், எழுதுங்க. இவருக்கே கொடுத்துடலாம்."

சின்னவர் குங்குமத் தட்டை மேஜையில் வைக்கவில்லை. தட்டோடு படி இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தார். போகும்போது சொன்னது எனக்கும் கேட்டது, அந்த அம்மாவுக்கும் கேட்டது. அதை நான் முழுக்க எழுத மாட்டேன். தாலி இல்லாதவள் கையால் கை மாறுகிற ஆயுதம் விளங்காது என்பதுதான் அதன் சாரம்.

அந்த அம்மா கையில் கிண்ணத்தோடு நின்றார். அரைத்த சந்தனம் அப்படியே இருந்தது.

"இப்ப இதை என்ன பண்றது? பூஜைக்கு அரைச்சதைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது."

அவர் கேட்டது பாயிடமா என்னிடமா என்று தெரியவில்லை. வெளியே சொன்ன அந்தச் சொல் இன்னும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வலது கையை நீட்டினேன், டிரிகரில் போகிற கை.

"இதைத் தூக்கப் போறது இந்தக் கைதாங்க. இதுல வைங்க. உங்க கையால வைங்க. விளங்குதா விளங்கலையான்னு நான் பார்த்துக்கிறேன்."

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புறங்கையில் பட்டையாகச் சந்தனத்தை இழுத்துவிட்டார். இழுத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்களாவது துருப்பிடிக்காம இருங்க."

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

லைசென்ஸ் ஆபீஸில் பதிய வேண்டியதைப் பதிந்து, தீபாவளிக்கு மறுநாள் வண்டியில் ஏறினேன். இன்றைக்கு வரை ஏறிக்கொண்டிருக்கிறேன். வேலையில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை, சுடும்படி பெருமாள் வைக்கவும் இல்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உறையில் போட்டு பாய் கடைக்குக் கொண்டுபோகிறேன். அம்மா வருகிறார், மரத்தைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிறார், மூன்று குழியையும் விரலால் தடவுகிறார், என் புறங்கையில் சந்தனம் வைக்கிறார். சின்னவர் வருவதில்லை. அவர் வேறு வேலையில் இருந்திருக்கிறார். அந்த வேலையின் பலன்தான் தாயார் சந்நிதி வரிசையில் என் காதில் விழுந்தது.

ஸ்ரீரங்கத்திலும் கேட்டார்கள். திருமண் இட்டவன் விபூதிக்காரர் வீட்டுச் சந்தனத்தைக் கையில் வாங்கலாமா என்று துளசி மாலை கட்டும் இடத்தில் ஒருவர் கேட்டார். வாங்கலாம், வாங்கினேன், வருகிற வருஷமும் வாங்குவேன் என்றேன். கணவரை இழந்தவர் கையால் வாங்கலாமா என்று இன்னொருவர் இழுத்தார். கட்டிய மாலைகளைச் சந்நிதிக்கு எடுத்துப் போவது வழக்கமாக நான்தான். அவர் கட்டிய மாலையை மட்டும் அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டு போகவில்லை, வேறு ஆளை எடுக்கச் சொல்லிவிட்டேன். பெருமாள் என்னைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "எழுதட்டுமாங்க? உங்களைப் பத்தியும் வரும்." "எழுதுங்க. நான் 'களைங்க'ன்னு சொன்னதை விட்டுடாதீங்க. எல்லாரும் நீங்க துடைச்சீங்கன்னுதான் சொல்றாங்க, நான் சொன்னேன்னு ஒருத்தரும் சொல்றதில்லை" என்றார்.

விடவில்லை அம்மா, எழுதிவிட்டேன்.

படித்தவர்கள் இதை யாருக்காவது சொல்வீர்கள், கதை என்றால் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லுங்கள். துணி வெள்ளைத் துணி. களையச் சொன்னவர் அந்த அம்மா. கையை நீட்டியவன் நான், அவராக என்னைத் தொடவில்லை. சந்தனம் வைத்தது புறங்கையில், நெற்றியில் இல்லை. இவற்றில் எதையும் கூட்ட வேண்டாம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்தும் கூட்ட வேண்டாம். நடந்தபடியே அடுத்தவர் கையில் கொடுங்கள். மேலே ஒன்றும் அப்பாதீர்கள். அப்பினால் அடியில் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.